கல்விப் படங்களில் ஒலிக்கும் சரிபார்ப்புக்கும் காசு ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தின் கலை, தொழில், வரலாறு பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் படங்களும் ஒலித்தொகுப்புகளும் தயாரிக்க லாப நோக்கமற்ற அமைப்புகள் பல முன்வருகின்றன. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களும் பழைய மாணவர் சங்கங்களும் பணம் தருகிறார்கள். வரவேற்க வேண்டிய காரியம்தான். அதே வேலையில் ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, பாடக்குறிப்பு ஆகியவற்றைப் பார்க்கும் நாங்கள், பணம் தருகிறவர்களுக்கும் படத்தை வகுப்பில் போட்டுக் காட்டும் தலைமையாசிரியர்களுக்கும் சில விவரங்களைத் தெரிவிக்க விரும்புகிறோம். ஏனென்றால், இந்தப் படங்களுக்குச் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி தேவையில்லாத இடத்தில் போகிறது.

பல படங்கள் இப்படித்தான் தொடங்குகின்றன: ட்ரோனில் எடுத்த திருவள்ளுவர் சிலை, அதன் மேல் புல்லாங்குழல் இசை, பிறகு கம்பீரமான குரலில் ஒரு முன்னுரை. எட்டு நிமிடப் படத்தில் இதற்கே ஒன்றரை நிமிடம் போய்விடுகிறது. அதன் பிறகு வரும் வில்லுப்பாட்டில் குடத்தின் ஓசை இல்லை, வில்லின் மணிச் சத்தம் இல்லை, பாடுகிறவர் என்ன பாடுகிறார் என்றும் விளங்கவில்லை. கடற்கரையில் இருக்கிற பிள்ளைக்கு வள்ளுவர் சிலை புதிதல்ல. அதே பிள்ளை ஊர்க் கோயிலின் கொடை விழாவில் வில்லுப்பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகக் கேட்டிருக்குமா என்பது சந்தேகம். காசு எங்கே போக வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

வில்லுப்பாட்டை ஒலிப்பதிவு செய்வது சுலபம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. நடுவில் வில்லும், தலைமைப் பாடகரான அண்ணாவியும். இரு பக்கத்தில் வலத்தே பாடுவோரும் இடத்தே பாடுவோரும். உடுக்கை, குடம், தாளம், கட்டை. ஒவ்வொன்றின் ஒலியும் ஒவ்வொரு குணம். குடத்தின் வாயில் மட்டையால் அடிக்கும்போது உள்ளிருந்து காற்று வெளியே தள்ளப்படுகிறது. மைக்கைக் குடத்தின் வாய்க்கு நேரே வைத்தால் ஓசை பதிவாகாது, 'புஃப் புஃப்' என்று காற்று மட்டும் பதிவாகும். மைக் இரண்டு அடி தள்ளி, வாய்க்குப் பக்கவாட்டில் சாய்வாக இருக்க வேண்டும். வில்லின் மணிகள் இதற்கு நேர் எதிர். மெல்லிய, கூர்மையான ஒலி. தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும். கைபேசியில் 'இரைச்சல் குறைப்பு' வசதி ஓடிக்கொண்டிருந்தால், விடாமல் ஒலிக்கும் அந்த மணிச் சத்தத்தையும் இரைச்சல் என்று எண்ணி அது அழித்துவிடும். பதிவைத் தொடங்கும் முன் அதை அணைக்க வேண்டும்.

ஒலி அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதியையும் அணைக்க வேண்டும். அது ஓடினால் உடுக்கை ஓங்கி அடித்த அடுத்த நொடி பாட்டு அமுங்கிப் போகும், இரண்டு நொடி கழித்து மெல்ல மேலே வரும். பாட்டு முழுக்க இப்படி ஏறி இறங்கினால் கேட்கிற பிள்ளைக்குத் தலைவலிதான் மிஞ்சும். அளவைக் கையால் வைக்க வேண்டும். பதிவுக் கருவியின் அளவுகாட்டியில், சாதாரணமாகப் பாடும்போது உச்சம் கழித்தல் 18 டெசிபல் அளவிலும், ஓங்கிப் பாடும்போது கழித்தல் 12 அளவிலும் நின்றால் போதும். குறைவாக இருக்கிறதே என்று உயர்த்தக் கூடாது. சாமி வரும் நேரத்தில் பாடும் வரத்துப் பாட்டில் எல்லாக் கருவியும் ஒன்றாக ஏறும். அப்போது முகட்டில் முட்டிச் சிதைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் திருப்ப முடியாது. குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

நான்கு மைக் போதும்: அண்ணாவியின் குரலுக்கு ஒன்று, வில்லின் நடுப்பகுதிக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று. நான்கு தடத்தில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் வேவ் கோப்பாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி ஆகும். இரவு முழுக்க எட்டு மணி நேரம் பதிந்தாலும் 17 ஜிபிக்குள் முடிந்துவிடும். 32 ஜிபி அட்டை ஒன்றே தாங்கும். பல பதிவுக் கருவிகள் 2 ஜிபியைத் தொட்டதும் கோப்பைத் தாமாகவே வெட்டி அடுத்ததைத் தொடங்கும். விஷயம் தெரியாதவர்கள் முதல் கோப்பை மட்டும் கணினியில் ஏற்றிவிட்டு, கதை பாதியில் நின்றுவிட்டது என்பார்கள். மீதி அட்டையிலேயே கிடக்கும், அடுத்த வாரம் வேறு வேலைக்காக அட்டையை அழிக்கும்போது அதோடு போய்விடும்.

கொடை விழாவில் கூட்டத்தின் பின்னால் நின்று பதிவு செய்வதில் பயனில்லை. அங்கே கேட்பது வில்லுப்பாட்டு அல்ல, கோளாம்பி எனும் கூம்பு ஒலிபெருக்கியின் சத்தம். கோளாம்பி அடித்தொனியை வெட்டிவிடும், கூர்தொனியையும் வெட்டிவிடும்; நடுவில் இருக்கும் குரலை மட்டும் ஊருக்குக் கேட்கும்படி தூக்கிக் காட்டும். அதன் வேலை அதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் குடமும் மணியும் அதில் வராது. ஒலிபெருக்கிக்காரரிடம் முன்கூட்டியே பேசி மிக்ஸரிலிருந்து ஒரு இணைப்பு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நேரடியாகச் சொருகினால் ஜெனரேட்டர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பதிவெங்கும் ஓடும். நடுவில் ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி வைத்தால் அது நின்றுவிடும். விலை அதிகமில்லாத சின்னப் பெட்டி. ட்ரோனுக்கு ஒரு நாள் தரும் வாடகையில் வாங்கிவிடலாம்.

இதிலும் நல்ல வழி, கலைஞர்களுக்குத் தனியாகச் சம்பளம் கொடுத்து, கொடை இல்லாத நாளில் பகலில் ஒரு கூடத்தில் பதிவு செய்வது. பங்குனி, சித்திரையிலும் ஆடியிலும் குழுக்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. அதனால் வெளிப்புறப் படப்பிடிப்பு, ஒலிப்பதிவு இரண்டுக்கும் தை, மாசிதான் தோதான காலம். சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையுமாக உள்ள திருமண மண்டபம் வேண்டாம்; எதிரொலி பாட்டைக் கெடுக்கும். ஓடு வேய்ந்த பழைய வீட்டின் பெரிய அறை, தரையில் பாய், மூன்று சுவரில் கனமான ஜமுக்காளம் தொங்கவிட்டால் போதும். மின்விசிறியை நிறுத்த வேண்டும், வெக்கையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் முன்னரே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: சில கதைகளையும் சில பகுதிகளையும் கோயிலுக்கு வெளியே பாட அண்ணாவிகள் ஒப்புக்கொள்வதில்லை. பாட மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும். கூடுதல் பணம் காட்டிப் பாட வைப்பது முறையல்ல.

தோல்பாவைக் கூத்தில் பிரச்சினை வேறு: வெளிச்சம். திரைக்குப் பின்னால் விளக்கு, முன்னால் இருட்டு. கேமராவைத் தானியங்கியில் விட்டால் சுற்றியுள்ள இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். திரை வெள்ளையாக வெளிறி, ஆட்டுத்தோலில் செதுக்கிய நுண்ணிய துளைகளும் சாயமும் மறைந்துபோகும். திரையின் பிரகாசமான இடத்தைப் பார்த்து அளவைக் கையால் பூட்ட வேண்டும். இன்னொன்று, கைபேசிகள் பெரும்பாலும் நொடிக்கு 30 சட்டம் (ஃபிரேம்) என்ற கணக்கில் எடுக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தடவை மின்னி மின்னி எரிகிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் திரையில் கருப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஓடும். நொடிக்கு 25 சட்டம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு என்று வைத்தால் பட்டை போய்விடும். இதைப் படப்பிடிப்பு இடத்திலேயே பெரிய திரையில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். கைபேசியின் சிறிய திரையில் பட்டை கண்ணுக்குத் தெரியாது, வகுப்பறைப் புரொஜெக்டரில்தான் தெரியும்.

பாவைக்கூத்தை முன்னாலிருந்து மட்டும் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் பாதிப் படம்தான் எடுக்கிறார்கள். ஒரே ஆள் ராமனாகவும் ராவணனாகவும் கோமாளியாகவும் குரல் மாற்றிப் பேசிக்கொண்டே இரண்டு கையிலும் பாவையை ஆட்டுவதைத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு நிமிடமாவது காட்ட வேண்டும். பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வியே 'யாரு பேசுறா?' என்பதுதான்.

கருப்பட்டி பற்றிய படங்களும் நிறைய வருகின்றன. பனை ஏறுவதை மெதுவான நகர்வில் அழகாகக் காட்டுகிறார்கள். ஆனால் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதைக் காட்டுவதில்லை. சுண்ணாம்பு இல்லாவிட்டால் பாளையிலிருந்து இறங்குவது புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு புளிப்பைத் தடுப்பதால்தான் அது அக்கானியாக, அதாவது பதநீராக நிற்கிறது. அறிவியல் பாடத்தின் நொதித்தல் முழுவதும் அந்த ஒரு கைப்பிடி வெள்ளைப் பூச்சில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மரத்தின் உச்சியைச் சுற்றி ட்ரோன் பறந்து என்ன பிரயோசனம்? வரிசை இதுதான்: விடியுமுன் இறக்கிய அக்கானியைத் துணியில் வடிகட்டுவது, அகன்ற பாத்திரத்தில் காய்ச்சுவது, பொங்கி வழியாமலிருக்க நசுக்கிய ஆமணக்கு விதை ஒரு சிட்டிகை போடுவது, துடுப்பால் கிளறுவது, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருண்டு நிற்கிறதா என்று பதம் பார்ப்பது, சிரட்டையில் ஊற்றுவது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8 முதல் 10 லிட்டர் அக்கானி வேண்டும். ஒரு லிட்டர் பாட்டில்களைத் தரையில் வரிசையாக வைத்து, பக்கத்தில் ஒரு கிலோ கருப்பட்டியை வைத்துக் காட்டினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட விலை ஏன் அப்படி என்று புரியும்.

காய்ச்சும் பாத்திரத்துக்கு மேலே கேமராவை நீட்டினால் லென்ஸில் ஆவி படியும். பக்கவாட்டில், காற்று வீசும் பக்கம் நின்று எடுக்க வேண்டும். ஏறியவரை 'இன்னொரு தடவை ஏறுங்க, சரியா வரல' என்று கேட்கவே கூடாது. ஒரே ஏற்றத்துக்குக் கீழே ஒரு கேமரா, தூரத்தில் ஒரு கேமரா என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் ஏறுகிறவர் படத்துக்காக ஏறவில்லை, அவருக்கு அன்றைய கணக்கில் இன்னும் மரங்கள் இருக்கும்.

அடிமுறை, களரி, வர்மம் ஆகிய தற்காப்புக் கலைகள் பற்றிப் படமெடுக்க வருகிறவர்கள் ஆசானிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எதைக் காட்டலாம்?' அல்ல, 'எதைக் காட்டக் கூடாது?' என்பது. காலடி வைக்கும் சுவடும் மெய்ப்பயிற்சியும் கம்பு வீச்சும் காட்டலாம். வர்மப் புள்ளிகளை விரல் வைத்துக் காட்டிப் பெயர் சொல்லும் காட்சியைப் பள்ளிப் படத்தில் வைப்பது ஆபத்து. பிள்ளைகள் இடைவேளையில் ஒருவர்மேல் ஒருவர் முயன்று பார்ப்பார்கள். இதைத் தொகுப்பு மேசையில் மங்கலாக்கிச் சமாளிக்கலாம் என்று எண்ணி எடுத்துவைக்கவும் வேண்டாம். எடுத்தது எப்படியும் ஒரு நாள் வெளியே போகும்.

இனி வரலாற்றுப் படங்கள். இங்கே தவறுவது ஒலியில் அல்ல, சரிபார்ப்பில். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருக்கிறது, பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டால் குழப்பமில்லை; ஒன்றை மட்டும் சொல்லும் படம் அரைகுறை. சிதறால் மலையில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணச் சிற்பங்கள் உண்டு. பின்னாளில் அங்கே பகவதி வழிபாடும் வந்தது. ஒரு படம் சமணத்தை மட்டும் சொல்லும், இன்னொன்று பகவதியை மட்டும் சொல்லும். பாறையில் இரண்டும் கண்ணெதிரே இருக்கும்போது ஒன்றை மறைக்க என்ன அவசியம்? திருவள்ளுவர் சிலையின் 133 அடியில் பீடம் 38 அடி, சிலை 95 அடி. 38 அறத்துப்பாலின் அதிகாரங்கள், 95 பொருளும் இன்பமும் சேர்ந்தவை. 'சிலையின் உயரம் 133' என்று மட்டும் சொல்லிவிட்டால் அமைத்தவர்களின் கணக்கு பிள்ளைக்குப் போய்ச் சேராது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1இல் திறக்கப்பட்டது என்ற விவரமும் சில படங்களில் மாறிக் கிடக்கிறது.

குளச்சல் போர் 1741இல் நடந்தது. அதில் சிறைபிடிக்கப்பட்ட டச்சுத் தளபதி டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படையிலேயே சேர்ந்தார். அவரது கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு இணைந்து மாவட்டமானது. இவை எல்லாருக்கும் தெரிந்தவைதான். ஆனாலும் குரல் பதிவு முடிந்த படங்களில் ஆண்டு தவறி வருவதைப் பார்க்கிறோம். காரணம் எளிது: எழுதியவர் ஒருவர், படித்தவர் ஒருவர், தொகுத்தவர் ஒருவர், சரிபார்த்தவர் யாருமில்லை. எழுத்துப் பிரதியின் இடப்பக்கத்தில் வாக்கியம், வலப்பக்கத்தில் அந்தத் தகவலுக்கான ஆதாரமும் பக்க எண்ணும் என்று இரண்டு பத்தியாக அடித்துவைத்தால் வெற்றிடம் உடனே கண்ணில் படும். ஆதாரம் எழுத முடியாத வாக்கியத்தைக் குரல் கொடுக்க அனுப்பக் கூடாது. தமிழகத்தோடு இணையக் கோரிய போராட்டத்தில் நடந்த 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டைப் பற்றி எடுக்கும்போது உயிரிழந்தோர் எண்ணிக்கையைச் சொன்னால், அது எந்த ஆவணத்தின் எண் என்று திரையிலேயே போட வேண்டும்.

பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் பற்றிப் பலர் படமெடுக்கத் தயங்குகிறார்கள், சிலர் எடுத்துவிட்டு வகுப்பில் போடத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. 1822இல் தொடங்கி 1859 ஜூலை 26 அரசு அறிவிப்பு வரை நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்ல ஆவணங்கள் இருக்கின்றன. கவனிக்க வேண்டியது சாதிப் பெயர்கள். பழைய ஆவணங்களிலும் மிஷன் குறிப்புகளிலும் வரும் இழிவான சொற்களை வர்ணனையாளர் தன் குரலில் சொல்லக் கூடாது. ஆவணத்தின் பக்கத்தைக் காட்டி, மேற்கோள் என்று தெரியும்படி, வேறு குரலில் படிக்க வைக்கலாம். வர்ணனையில் அந்தந்தச் சமூகம் இன்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயரே வர வேண்டும். இந்தப் படத்துக்கு மட்டும் ஆசிரியர் குறிப்பு இல்லாமல் அனுப்பவே கூடாது என்பது எங்கள் கருத்து. படம் முடிந்ததும் வகுப்பில் என்ன பேச்சு எழும் என்பதைத் தெரிந்துகொண்டு ஆசிரியர் நிற்க வேண்டும்.

அனுமதி விஷயத்தில் ஆள் மாறிப் போய் அலைகிறவர்கள் அதிகம். பத்மநாபபுரத்துக்குக் கேரளத் தொல்லியல் துறை. சிதறாலுக்கும் வட்டக்கோட்டைக்கும் இந்தியத் தொல்லியல் துறை. சுசீந்திரம், திருவட்டாறு போன்ற கோயில்களுக்கு அறநிலையத் துறை. பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்குப் போக வனத்துறை. காணி மக்களின் சாற்றுப் பாட்டையும் கொக்கரை என்ற இரும்புக் கருவியின் இசையையும் பதிவு செய்ய விரும்புகிறவர்கள், துறையின் கடிதம் கையில் வந்தால் போதும் என்று நினைக்கக் கூடாது. அவர்களின் தலைவரான மூட்டுக்காணியிடமும் ஊரிடமும் தனியாகப் பேச வேண்டும். கடற்கரை ஊர்களில் பங்குத்தந்தையிடமும் ஊர்க் கமிட்டியிடமும், தக்கலைப் பக்கம் தர்கா நிர்வாகத்திடமும் ஜமாத்திடமும், கொடைக் கோயில்களில் ஊர்வகை நிர்வாகிகளிடமும் இதே மாதிரிதான். கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நேரில் போகாமலிருந்தால், படப்பிடிப்பு அன்று காலை யாராவது ஒருவர் 'எங்ககிட்ட யாரு கேட்டா?' என்று நிற்பார். அவர் கேட்பது நியாயம்தான்.

கலைஞர்களின் உரிமை பற்றி ஒரு வார்த்தை. பாட்டு பழையது, எழுதியவர் யாரென்று தெரியாது, ஆகவே எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பாட்டு பழையதாக இருக்கலாம், பாடுகிறவர் இன்றைக்கு இருக்கிறவர். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 38ஆம் பிரிவில் நிகழ்த்துவோருக்கும் உரிமை தந்திருக்கிறது. அது 50 ஆண்டு நீடிக்கும். ஆகவே ஒப்புதல் கடிதம் வேண்டும். அது தமிழில், ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். வகுப்பறையில் காட்ட, இணையத்தில் ஏற்ற, தொலைக்காட்சிக்குத் தர, விளம்பரத்துக்குத் தர என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 'சம்மதம்', 'சம்மதமில்லை' என்ற கட்டம் வேண்டும். வாசித்துக் காட்டி, வாசித்ததையும் பதிவு செய்து, ஒரு நகலைக் கலைஞரிடமே கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் முகம் தெரியும்படி எடுத்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் தேவை. பள்ளியின் கடிதம் அதற்கு ஈடாகாது.

வகுப்பறைக்கு வருவோம். பாடவேளை நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். கணினியைத் திறந்து, புரொஜெக்டர் சூடாகி, பிள்ளைகள் உட்காரப் பத்து நிமிடம் போகும். பேச்சுக்கு இருபது நிமிடம் வேண்டாமா? படம் எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நான்கு நிமிடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்க ஒரு இடைவெளி இருந்தால் இன்னும் நல்லது. எட்டு நிமிடத்துக்கு வர்ணனை 600 வார்த்தைக்குள் அடங்க வேண்டும். ஆயிரம் வார்த்தை எழுதி வேகமாக வாசிக்க வைத்தால் பிள்ளை படத்தைப் பார்க்குமா, காதைக் கொடுக்குமா? மௌனமாகக் கையின் வேலையை மட்டும் காட்டும் பத்து நொடிகள் படத்தில் நான்கைந்து இடத்திலாவது இருக்கட்டும்.

பின்னணி இசை வேண்டவே வேண்டாம் என்போம். போட்டே ஆக வேண்டுமென்றால் குரலுக்கு 20 டெசிபல் கீழே இருக்கட்டும். ஹைடெக் ஆய்வகக் கணினியின் சின்ன ஒலிபெருக்கியில் அடித்தொனி வராது. தொகுப்பறையின் பெரிய பெட்டியில் சரியாகக் கேட்டது அங்கே வெறும் கிசுகிசுப்பாகிவிடும். முடிந்த படத்தைச் சாதாரண கைபேசியின் ஒலிபெருக்கியில், மின்விசிறி ஓடும் அறையில், பத்தடி தள்ளி உட்கார்ந்து ஒரு தடவை கேளுங்கள். வார்த்தை விளங்கினால் வகுப்பிலும் விளங்கும்.

விளவங்கோட்டுப் பேச்சு ஒன்று, நாஞ்சில் பேச்சு ஒன்று, கடற்கரைப் பேச்சு இன்னொன்று. மக்கள் பேசுவதை அப்படியே விட்டுவிட்டுக் கீழே எழுத்தில் பொதுத்தமிழ் போடுவதே முறை. மேலே வேறு குரலை ஏற்றி மூடிவிடக் கூடாது. எழுத்துப் போடும்போது ஒரு தொல்லை உண்டு. தொகுப்பு மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி விழும். 'கொடை' என்று அடித்தது வாசிக்க முடியாதபடி சிதறும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பிரதியை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினாலும் இதே கதி. எழுத்தைத் தனிக் கோப்பாகத் தராமல் படத்திலேயே பதித்துத் தாருங்கள். பள்ளிக் கணினிகளில் தனிக் கோப்பு பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். எழுத்தின் உயரம் திரையின் உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்குக் குறைந்தால் கடைசி பெஞ்சுக்கு எட்டாது.

கோப்பு வடிவம்: எம்பி4, எச்.264. புதிய எச்.265 பழைய கணினிகளில் திணறும், அல்லது ஒலி மட்டும் ஓடும். எட்டு நிமிடப் படத்தை நொடிக்கு 5 மெகாபிட் அளவில் தந்தால் 300 எம்பி; 2 மெகாபிட் அளவில் 720 வரியாகத் தந்தால் 120 எம்பி. இரண்டையும் ஒரே பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். பென்டிரைவை ஃபேட்32 வடிவில் தயார் செய்தால் ஸ்மார்ட் டிவி, பழைய கணினி எல்லாம் படிக்கும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அதில் ஏறாது என்பதால் எல்லாப் படத்தையும் ஒட்டி ஒரே கோப்பாக்க வேண்டாம். இணைய இணைப்பை நம்பி இணைய முகவரியை மட்டும் அனுப்புவது, மலையோரப் பள்ளிகளுக்குப் படம் அனுப்பாததற்குச் சமம்.

ஒரு படத்தை இறுதி செய்யும் முன் ஏழாம் வகுப்பு ஒன்றில் போட்டுப் பார்க்க வேண்டும். கேள்வியை அன்றைக்கே கேட்காதீர்கள், அன்றைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். மறுநாள் ஐந்து கேள்வி. மூன்றுக்குப் பாதி வகுப்பு பதில் சொல்லவில்லையென்றால் படத்தில்தான் கோளாறு. அந்த இடத்தைத் திரும்ப வெட்டித் தொகுக்க வேண்டும். இதற்கென்று தொகுப்பாளருக்கு இரண்டு நாள் கூலியைத் திட்டத்திலேயே ஒதுக்கி வைக்காவிட்டால், பிழை தெரிந்தும் படம் அப்படியே வெளியே போகும்.

மூலப் பதிவுகளைப் பாதுகாப்பதும் செலவுதான். நொடிக்கு 100 மெகாபிட் அளவில் எடுத்தால் ஒரு மணி நேரப் படம் 45 ஜிபி. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். கடலோர ஈரப்பதத்தில் ஹார்டு டிஸ்க்கும் லென்ஸும் கெடும். மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது என்று ஒருவர் பொறுப்பில் விட வேண்டும். கோப்பின் பெயரிலேயே தேதி, ஊர், கலை, வரிசை எண் இருக்கட்டும். 'ஃபைனல் நியூ 2' என்று பெயர் வைத்த கோப்பை ஐந்து வருஷம் கழித்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அறக்கட்டளையாகப் பதிவதா, சங்கமாகப் பதிவதா என்று கேட்பவர்களுக்கு: 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதியக் குறைந்தது ஏழு பேர் வேண்டும், அறக்கட்டளைக்கு அது தேவையில்லை. நன்கொடையாளருக்கு வரிச்சலுகையும் அமைப்புக்கு வரிவிலக்கும் கிடைக்க வருமான வரித் துறையில் தனித்தனியே பதிவு வேண்டும். வெளிநாட்டு நிறுவனமோ வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரோ பணம் தந்தால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஊர்க்காரர் வளைகுடாவிலிருந்து தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வேறு. பட்டயக் கணக்கரிடம் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

பணம் தருகிறவர்களிடம் எங்கள் வேண்டுகோள்: திட்ட மதிப்பீட்டை வாங்கிப் பாருங்கள். மொத்தத் தொகையில் நான்கில் ஒரு பங்காவது ஒலிக்கும் கலைஞர் சம்பளத்துக்கும் இருக்க வேண்டும். சரிபார்ப்பு, வகுப்பறைச் சோதனை, மூலப் பதிவுப் பாதுகாப்பு என்று மூன்று வரி தனித்தனியே இருக்க வேண்டும். அவை இல்லாமல் ட்ரோன் வரி மட்டும் இருந்தால் மதிப்பீட்டைத் திருப்பி அனுப்புங்கள். தலைமையாசிரியர்கள் படத்தோடு ஒரு பக்க ஆசிரியர் குறிப்பும் ஆதாரப் பட்டியலும் கேட்டு வாங்கட்டும். தொன்மைப் பாதுகாப்பு மன்றம் உள்ள பள்ளிகளில் அந்தப் பட்டியலைப் பிள்ளைகளையே சரிபார்க்க விடலாம். பிழை கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு இருக்கும் ஆர்வம் பெரியவர்களுக்கு இல்லை.

படம் முடிந்ததும் வெட்டாத முழு ஒலிப்பதிவின் பிரதி ஒன்று அண்ணாவியிடமும் பாவைக்கூத்துக் குடும்பத்திடமும் ஆசானிடமும் சேர வேண்டும். ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்தால் அவர்களால் திறக்க முடியாது. கைபேசியிலேயே கேட்கும்படி எம்பி3 ஆக மாற்றி, மெமரி கார்டில் போட்டு, நேரில் கொண்டுபோய் ஓட்டிக் காட்டிவிட்டு வர வேண்டும். அந்தச் செலவையும் மதிப்பீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கல்விப் படத் தயாரிப்பில் ஈடுபட்டுள்ள சிலர்,
நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்.